கூட்டம் கலைந்த பின்

இராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடைபெற்றது. அத்தகைய பெருங்கூட்டத்தில் பூங்காவின் வேலி முறிந்தால் பொறுப்பு யாருடையது? போராட்டத்தில் பொதுச்சொத்து சேதமுற்றால், அதற்கு அழைத்தவர்களும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவர் என 2009-இல் உச்சநீதிமன்றம் நெறி வகுத்தது. பொதுக்கூட்டம் நடத்தும் கட்சிகளிடம் முன்கூட்டியே வைப்புத்தொகை பெறுவதற்கு விதி வேண்டும் என்று 2025 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது.

காப்பீடு எடுத்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். போதாது. தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதத்தையே, அதாவது அசட்டையையே, முன்வைக்கிறது. அசட்டையால் விளைந்த நட்டத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஈடுசெய்யும். அசட்டையை அது ஏற்றுக்கொள்ளாது. வைப்புத்தொகையோ, தம் பணம் போய்விடுமே என்னும் அச்சத்தாலேனும் தொண்டர்களை அடக்கி நடத்தச் செய்யும்.

ஆயினும் தொகை மிகுந்தால் காசிமேட்டு மீனவரும் எண்ணூர்த் தொழிலாளரும் கூட்டம் கூட்டவே இயலாது. செல்வமுடையாரோ சேதத்தை முன்பணம் கொடுத்து வாங்கிக்கொள்வர்! எனவே கூட்டத்தின் அளவோடு நடத்துவோரின் வசதியையும் நோக்கியே தொகையை நிர்ணயிக்க வேண்டும். எளியோரிடம் பணத்துக்கு மாற்றாக, மறுநாள் காலையே தாங்கள் வந்து வேலியைச் சீர்செய்வோம் என்னும் எழுத்துறுதியைப் பெறலாம்.