பேரும் தொகையும்: ஓர் ஆட்டம் எழுப்பும் அறவினா

விளையாட்டு வினையாகும் என்பது நம்மவர் வழக்கு. இதனை மறுபுறமாக நோக்கினால் ஓர் அறவினா எழுகின்றது. வினையே விளையாட்டாகும்போது யாது நிகழ்கின்றது? பல்லாயிரவர் பிழைப்பாகிய ஒரு தொழில், கட்டங்களும் எண்களும் கொண்ட ஆட்டமாக மாற்றப்படுமாயின், அதனை ஆடுபவன் அறநிலையில் எதையேனும் இழக்கின்றானா? மோட்டார் வண்டிக் கொம்பனியொன்றை நடத்துவதாக அமைந்த கணினி ஆட்டங்கள் இவ்வினாவைத் தெளிவாக முன்வைக்கின்றன. லிந்துலையிலிருந்து நோக்குவோர்க்கு இஃது அயலார் வினா அன்று. மனிதரை எண்ணாகக் கண்டதொரு தொழிலமைப்பினுள்ளே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் மலையகத்தவர்.

தொழில் நடத்துதலை ஆட்டமாக்கும் எண்ணம் புதியதன்று. நிலத்தைச் சிலர் தமதாக்கிக்கொள்வதால் விளையும் தீமையை உணர்த்துதற்கென 1904இல் அமெரிக்கரான எலிசபெத் மகீ ஒரு பலகை ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த 'மொனொப்பொலி' 1935 முதல் பரவியபோது, கண்டனமாகப் பிறந்த ஆட்டம் பிறரை ஓட்டாண்டியாக்கி மகிழும் ஆட்டமாயிற்று. 1957இல் அமெரிக்க முகாமைத்துவச் சங்கம், போர்ப் பயிற்சி ஆட்டங்களை முன்மாதிரியாகக் கொண்டு, நிறுவனத் தலைவர்களுக்கென ஒரு கணினி ஆட்டத்தைப் பயன்படுத்தலாயிற்று. வீட்டுக் கணினிகள் பெருகிய பின்னர் 'டிட்ரொயிட்', 'கியர்சிற்றி' முதலியன தோன்றின. கியர்சிற்றியில் ஆடுவோன் 1900ஆம் ஆண்டில் தன் கொம்பனியைத் தொடங்கலாம். இயந்திரத்தையும் பற்சக்கரப் பெட்டியையும் அடிச்சட்டத்தையும் அவனே வடிவமைக்கின்றான், நகரங்களில் ஆலை நிறுவுகின்றான், விலை குறிக்கின்றான், போரையும் பொருளாதார மந்தத்தையும் கடந்து கொம்பனியைக் காக்க முயல்கின்றான். இத்தகைய ஆட்டங்களில் தொழிலாளர் கூலியும் விளம்பரச் செலவும் ஒரே தன்மையான எண்களாகவே நிற்கும்.

இதனைக் குற்றமென்று கூறிவிடல் எளிது. ஆயின் அது நேர்மையான தீர்ப்பாகாது. சதுரங்கத்திற் காலாளை வெட்டுக் கொடுப்பவனைக் கொலைஞன் என்று எவரும் கூறார். திரையில் தோன்றும் தொழிலாளிக்குப் பசியில்லை; பள்ளி செல்லும் பிள்ளையில்லை. அவனை நீக்குவதால் எவர் வயிறும் காய்வதில்லை. அன்றியும், இவ்வாட்டம் கற்பிப்பது சிறிதன்று. விற்பனை குறைந்த ஆண்டிலும் ஆலையின் செலவு குறையாது என்பதையும், இன்றைய இலாபம் முழுவதையும் பகிர்ந்துவிட்டால் நாளைய இயந்திரத்துக்குப் பணமிராது என்பதையும் ஆடுவோன் பட்டறிகின்றான். லிந்துலையின் லயத்து அறையொன்றில் ஒரு மாணவன் இதனை ஆடுவானாயின், தன் பெற்றோரின் சம்பளப் பேச்சுவார்த்தையில் 'உற்பத்திச் செலவு' என்ற சொல் எவ்வாறு பயன்படுகின்றது என்பதை அவன் அறிந்துகொள்ளவும் கூடும். எதிர்த்தரப்பின் கணக்கைப் படிக்கத் தெரிந்தவனை ஏய்த்தல் கடினம்.

எனின், வினா எங்கே எழுகின்றது? ஆட்டம் எதனைக் காட்டாது விடுகின்றது என்பதிலே எழுகின்றது. ஆலை மூடப்பட்டதும் தொழிலாளி திரையினின்று மறைந்துவிடுகின்றான். மெய்யுலகில் அவன் மறைவதில்லை.

தமிழ்நாட்டின் மறைமலைநகரில் நிகழ்ந்ததை இங்கு நோக்கலாம். 2021 செப்டெம்பரில் போர்ட் கொம்பனி இந்தியாவில் வண்டி உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டொலருக்கு மேற்பட்ட நட்டம் ஏற்பட்டதென்பது அது கூறிய காரணம். மறைமலைநகரிலும் குஜராத்தின் சனந்திலும் ஏறத்தாழ 4,000 தொழிலாளர் பாதிக்கப்படுவர் என அவ்வறிவிப்பிலேயே கணிக்கப்பட்டது. 2022இல் மறைமலைநகர் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2024இல் அவ்வாலையை ஏற்றுமதிக்காக மீளப் பயன்படுத்தும் எண்ணத்தைக் கொம்பனி வெளியிட்டது. கணக்கு நோக்கில் இவையனைத்தும் முறையானவையாக இருக்கலாம். நட்டத்தைத் தாங்கிக்கொண்டே இருக்குமாறு எந்த நிறுவனத்தையும் எவரும் கேட்க முடியாது. ஆயினும் ஆலைக் கட்டடம் ஆண்டுக் கணக்கிற் பூட்டிக் கிடக்கலாம். தொழிலாளியின் அடுப்பு அவ்வாறு கிடக்க இயலாது. ஆட்டத்தில் இவ்விரண்டும் ஒன்றே. வாழ்வில் இவற்றிடையேயுள்ள வேறுபாடே அறத்தின் இடம்.

மனித உயிரும் இவ்வட்டவணைக்குள் நுழைந்ததுண்டு. வண்டி கவிழும்போது எரிபொருள் கசிவதைத் தடுக்கும் ஏற்பாடு பற்றி 1973இல் அதே கொம்பனியில் தயாரிக்கப்பட்ட குறிப்பொன்று, வண்டியொன்றுக்கு 11 டொலர் செலவையும் காக்கப்படக்கூடிய உயிர்களின் பெறுமதியையும் ஒப்பிட்டது. ஓர் உயிரின் பெறுமதி 200,000 டொலர் எனக் கொள்ளப்பட்டது. அத்தொகையைக் கொம்பனி தானாகப் படைக்கவில்லை. அரச பாதுகாப்பு அமைப்பொன்றின் கணிப்பிலிருந்தே எடுத்தது. இதுவே நம்மைச் சிந்திக்கச் செய்வது. கொடியவன் ஒருவன் இருந்து இக்கணக்கைச் செய்யவில்லை. தத்தம் கடமையைச் செய்த பலர், தம் மேசைமேலிருந்த எண்களைக் கூட்டிக் கழித்தனர்.

மறைமலைநகரில் ஆலைத் தொழிலாளி அறிந்ததை, தமிழ்நாட்டினின்று குடிபெயர்ந்து இலங்கையின் மலைநாட்டைத் தோட்டமாக்கியோர் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். லிந்துலையின் மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்தவர்க்கும் இலண்டனிற் பங்கு வைத்திருந்தவர்க்கும் இடையே கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை, கொழும்பின் முகவர் நிறுவனம் எனப் படிகள் பல இருந்தன. ஒவ்வொரு படியிலும் மனிதர் சுருங்கித் தொகை பெருகியது. இதற்குச் சான்று மலையகத் தமிழிலேயே உண்டு. ஒரு நாள் வேலையைப் பதிதல் அங்கே 'பேர் போடுதல்' எனப்படும். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவருக்கு ஒரு பேர், குறைந்தவருக்கு அரைப்பேர். ஒருவரைப் பிறரினின்று வேறாக்கிக் காட்டுவது பெயர். அப்பெயரே கூலிக் கணக்கின் அலகாகி, பாதியாக வகுக்கப்படவும் கூடியதாயிற்று.

1975இல் பெருங் கொம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கொம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. உரிமையாளர் மாறினர், பேர் போடும் முறை மாறவில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என விதிக்கப்பட்டபோதும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆக்கப்பட்டபோதும், ஒரு கிலோ தேயிலையின் உற்பத்திச் செலவு ஒரு பக்கத்தாலும் அரிசி மாவின் விலை மறுபக்கத்தாலும் எடுத்துரைக்கப்பட்டன. இரண்டும் மெய்யான எண்களே.

தொலைவு இரக்கத்தைத் தேய்ப்பதை ஆதம் சிமித் 1759இல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டினார். சீனப் பேரரசு நிலநடுக்கத்தில் அழிந்ததெனக் கேட்ட ஐரோப்பியன் அன்றிரவு நன்கு உறங்குவான். நாளைத் தன் சிறுவிரலை இழக்கப்போவதாக அறிந்தாலோ உறக்கம் கொள்ளான். ஆயினும் அவ்விரலைக் காத்தற்பொருட்டு அத்தனை உயிர்களையும் பலிகொடுக்க அவன் துணியான் என்றும், அவனைத் தடுப்பது உள்ளிருந்து பேசும் நடுநிலையாளனின் குரலே என்றும் அவர் கூறினார். அட்டவணையின் ஆபத்து யாதெனில், அக்குரல் பேசுதற்கு அது இடமளிப்பதில்லை. தான் பலிகொடுக்கின்றான் என்பதே ஆங்கு ஒருவனுக்குத் தெரியாது போகின்றது.

இதனால் எண்ணையே பகையெனக் கொள்வார் தவறுவர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு சரியாக இருத்தல் வேண்டுமென்று கேட்பவர் தொழிலாளரே. ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் அளவின்றிக் கழிக்கப்படும்போது அநீதியாவது கணக்கு அன்று; பொய்க்கணக்கே. சரியாக எண்ணப்படுதலும் ஓர் உரிமை. ஆகவே எண்ணுதல் குற்றமன்று. எண்ணப்படுவோர்க்கு விடைகூற வேண்டாத நிலையிலிருந்து எண்ணுதலே குற்றம்.

இவ்வளவுகோலால் நோக்கின் ஆட்டத்துக்கும் ஆட்சிக்கும் உள்ள எல்லை புலப்படும். திரைத் தொழிலாளி 'ஏன்' என்று கேட்க மாட்டான். ஆதலின் ஆடுவோன் எவர்க்கும் கடன்பட்டவனல்லன். மெய்த் தொழிலாளி கேட்பான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டவணையின் எண் வாய்திறந்து பேசியதற்கு அன்று கிடைத்த விடை அது.

விடைகூறுதல் என்பது கேட்டதையெல்லாம் கொடுத்தலன்று. கேட்டபின்னரும் ஆலையை மூட வேண்டி வரலாம்; கூலியை உயர்த்த இயலாமற் போகலாம். ஆயினும் தான் போட்ட கணக்கை, அதில் எண்ணாக நிற்பவர் முன்னே விரித்து வைத்து, அவர் காட்டும் பிழையைத் திருத்திக்கொள்ள ஒரு முகாமையாளர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். உற்பத்திச் செலவு எவ்வாறு கணிக்கப்பட்டது, எப்பகுதி கூலி, எப்பகுதி நிருவாகச் செலவு என்பன தொழிலாளர் அறியவேண்டியவை. இதனைச் செய்யத் துணியாத நிறுவனம், உண்மையான மனிதரை வைத்து ஆட்டமாடுகின்றது என்றே கொள்ளல் வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் வணிகமும் முகாமைத்துவமும் பயில்வோருள் மலையகத்தவர் தொகையும் பெருகி வருகின்றது. அவருட் சிலர் நாளை உண்மையான அட்டவணைகளின் முன் அமர்வர். ஆட்டங்களிற் பெற்ற திறமை அவர்க்குத் துணைசெய்யும். ஒரு தொகையைக் குறைக்க முற்படும் வேளையில், அது அரைப்பேராக எவர் கணக்கில் விழும் என்று கேட்கும் வழக்கத்தை ஆட்டம் கற்பிக்காது. அதனைத் தாம் பிறந்த தோட்டத்தின் சொல்வழக்கிலிருந்தே அவர் கற்றுக்கொள்ளல் வேண்டும்.