கையெழுத்தும் காலடியும்

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டத்தில், ஆடுகள் மேயும் மரமற்ற உயர்மலைகளை அவ்வட்டார மக்கள் ‘ஃபெல்’ என்கின்றனர். அத்தகைய 214 மலைகளுக்கு ஆல்ஃபிரட் வெயின்ரைட் (1907–1991) இயற்றிய வழிகாட்டி, 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. கெண்டல் நகராட்சியின் பொருளாளராக இருந்த அவர், விடுமுறை நாள்களில் பேருந்தில் சென்று மலையேறி, மாலை வேளைகளில் எழுத்து, வரைபடம், மலைத்தோற்றம் ஆகிய அனைத்தையும் மையால் தம் கைப்படவே தீட்டினார். அப்பக்கங்கள் அச்சுக் கோக்கப்படாமல் அப்படியே படியெடுத்து அச்சிடப்பட்டன. வரிகளின் வலப்புற ஓரம் சீராக அமையவில்லை என்பதற்காக, தொடக்கத்தில் எழுதிய ஏறத்தாழ நூறு பக்கங்களை ஒதுக்கிவிட்டு மறுபடியும் எழுதியவர் அவர் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்நூலில் பிறர் கைவைப்பது எளிதில் ஏற்கத்தக்கதாகத் தோன்றாது.

ஆனால் வழிகாட்டி நூல் என்பது, ஆசிரியர் ஒருபோதும் காணப்போகாத ஒருவரின் கால்களுக்கு அவர் தரும் வாக்குறுதி. மூடுபனியில் நிற்பவர் அதன் அழகுக்காக அதை விரிப்பதில்லை. அவ்வாக்குறுதியின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் மூப்படைவதுமில்லை: மலைமுகட்டின் வடிவம் அப்படியே இருக்கிறது; சாந்தில்லாமல் கல்மேல் கல் அடுக்கி எழுப்பிய எல்லைச் சுவர்கள் தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றன; நட்ட மரங்களோ வளர்ந்து காட்சியை மறைக்கின்றன, பின்பு வெட்டப்படுகின்றன; வெள்ளம் சிறு பாலங்களை அடித்துச் செல்கிறது. இவை எல்லாவற்றினும் விரைவாக மாறுவது ஒற்றையடிப்பாதைதான். ஈரமான புல்நிலம் பலர் மிதிக்கக் கரைந்து வடுவாக அகல்வதால், பாதையில் கல் பாவவும் சிலவிடங்களில் அதைத் திருப்பிவிடவும் நேர்கிறது. அங்கே மிதித்தவர்களில் பலர் வெயின்ரைட்டின் நூலை ஏந்தி வந்தவர்கள். தன்னை நம்பி வந்தவர்களின் கால்களாலேயே அந்நூல் பிழையுடையதாக ஆகிக்கொண்டிருந்தது. ஆதலால் அதைத் திருத்தாமல் விடுவதே ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை என்ற வாதம், அந்நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களையே மறந்துவிடுகிறது.

வெயின்ரைட் தம் வாழ்நாளில் திருத்தப் பதிப்புக்கு இசையவில்லை. எனினும், நிலப்படம் வரைவதில் பயிற்சி பெற்ற கிறிஸ் ஜெஸ்டி அப்பணியைத் தமது மறைவுக்குப் பின் மேற்கொள்ளலாம் என ஒப்புக்கொண்டார். இதில் முரண்பாடு இருப்பதாகத் தோன்றவில்லை. நடந்து கண்டு எழுதிய நூலை மீண்டும் நடந்துதான் திருத்த முடியும். முதுமையில் பார்வையும் மங்கிய ஒருவர், அரைகுறையான திருத்தத்தைவிடத் திருத்தாமையே மேல் என்று கருதியிருக்கலாம். உயிரோடு இருக்கும்வரை தம் படைப்பைக் காத்தவர், பிறகு அதைப் பயன்படுத்துவோர் நலனுக்கு விட்டுக்கொடுத்தார் என்றே இதைக் கொள்ளத் தோன்றுகிறது. தமக்குப் பின் எது மாறலாம் என்பதை இருக்கும்போதே சொல்லிச் செல்லும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஜெஸ்டி அவ்வழிகளில் மீண்டும் நடந்து சரிபார்த்த இரண்டாம் பதிப்பு 2005 முதல் 2009 வரை வெளிவந்தது. வரைபடங்களில் பாதைகள் சிவப்பு நிறம் பெற்றன. அது வரவேற்கத்தக்க மாற்றம், ஏனெனில் நடப்பவரின் கண் முதலில் தேடுவது பாதையையே. திருத்திய சொற்கள், வெயின்ரைட்டின் கையெழுத்தை ஒத்ததாகக் கணினியில் உருவாக்கிய எழுத்துருவில் அமைந்தன. பக்கத்தின் அழகைக் காக்கும் நோக்கம் இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் முதற்கை எங்கே நின்றது, இரண்டாம் கை எங்கே தொடங்கியது என்பது வாசகருக்குப் புலப்படாமல் போகிறது. ஒருவர் இறந்த பின் வந்த செய்தியை அவருடைய கையெழுத்தின் சாயலிலேயே தருவது, எவ்வளவு அன்போடு செய்யப்பட்டாலும், மனத்தை உறுத்துகிறது. ஒட்டுப்போட்ட இடம் தெரிவதில் இழுக்கு எதுவுமில்லை.

திருத்துபவர் தொடக்கூடாத பகுதியும் உண்டு. 600 மீட்டரைக்கூட எட்டாத ஹேஸ்டாக்ஸ் என்னும் மலையின்மேல் வெயின்ரைட் தனி அன்பு வைத்திருந்தார்; அவருடைய சாம்பல் அம்மலைமேலுள்ள இன்னாமினேட் டார்ன் என்னும் சிறு குளத்தருகே தூவப்பட்டது. புதிய நிலஅளவை ஒரு மலையின் உயரத்தை மாற்றலாம். அம்மலையைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்தை மாற்றும் அதிகாரம் எந்த அளவைக்கும் இல்லை.

கிளைவ் ஹட்ச்பி திருத்திய மூன்றாம் பதிப்பு ‘நடப்போர் பதிப்பு’ என்றும், பழைய மூல வடிவம் ‘வாசகர் பதிப்பு’ என்றும் பெயரிடப்பட்டு வெளியாயின. மூலம் அழியாமல் கிடைப்பது நன்மையே. ஆனால் முதல் தொகுதியை வெயின்ரைட் ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அரசு நிலஅளவைத் துறையினருக்கு உரிமையாக்கியபோது, அவர்களுடைய நிலப்படங்கள் மலைமேலும் வீட்டுக் கணப்பருகிலும் தந்த இன்பத்துக்கு ஒருசேர நன்றி கூறியிருந்தார். நடப்பதையும் வாசிப்பதையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. மூலப் பக்கத்தை அவ்வாறே வைத்து, மாறிய இடத்தின் ஓரத்தில் திருத்தியவரின் பெயரையும் ஆண்டையும் வேறு எழுத்தில் குறித்திருந்தால், இரு தேவைகளுக்கும் ஒரே நூல் போதுமானதாக இருந்திருக்கும். அடுத்துத் திருத்த வருபவருக்கும் அந்த ஓரத்தில் இடம் மிஞ்சியிருக்கும்.