எது பயம், எது சாதி?

சாதி எங்கே இருக்குன்னு கேட்டா நாம டீக்கடையைக் காட்டுவோம், தேர் வராத தெருவைக் காட்டுவோம், சுடுகாட்டுப் பாதையைக் காட்டுவோம். எல்லாமே உண்மைதான். ஆனால் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் இளைஞர் அம்பேத்கர் காட்டியது கல்யாணப் பந்தலை. தன் கூட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் அகமண முறைதான் சாதியின் உயிர் என்றார். அந்த வேலி உடையாமல் இருக்கத்தான் உடன்கட்டையும் கைம்மைக் கொடுமையும் சிறுமியர் மணமும் வந்தன என்று விளக்கினார். இருபது வருசம் கழித்து 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலிலும் அவர் சொன்ன மருந்து கலப்பு மணம்தான்.

பந்தல் ஒரு நாளில் போட்டு ஒரு நாளில் பிரிக்கிற சமாச்சாரம். அதில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பது ஒரு நாளில் முடிவாவதில்லை. பிள்ளைக்கு அஞ்சு வயசு ஆகும்போதே முடிவாகிவிடுகிறது. முடிவாகிற இடம் வீடு. இருபது வயசுப் பையனும் பொண்ணும் காதலைப் பற்றி, கல்யாணத்தைப் பற்றி இன்றைக்கு என்ன நினைக்கிறார்களோ, அதில் பாதி அவங்க அம்மாவும் ஆயாவும் சோறு ஊட்டும்போதே ஊட்டிவிட்டது. அதனால் வீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஊர்த்தெரு வீட்டை மட்டும் இல்லை, நம்ம வீட்டையும்.

ஊர்த்தெரு வீடு என்ன கற்றுக் கொடுக்கிறது என்பது நமக்குத் தெரியும். ‘நம்ம ரத்தம்’, ‘நம்ம மானம்’ என்று அது சொல்லித் தருகிறது. அந்த மானத்தைப் பொண்ணோட உடம்பில் கொண்டுபோய் வைக்கிறது. 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியையும் முருகேசனையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். முருகேசன் நம்ம பையன். கண்ணகி அவங்க பொண்ணு. பெற்று வளர்த்த பொண்ணுக்கே விஷம் ஊற்றுகிற அளவுக்கு ஒரு வீடு தன் ஆண்களை வளர்த்திருக்கிறது என்றால், அந்த வளர்ப்பைப் பற்றி இன்னும் என்ன சொல்ல? விசாரணை நீதிமன்றத்தில் தீர்ப்பு வரவே 2021 ஆனது.

சேரி வீடு வேற பாடம் நடத்துகிறது. எங்கம்மா நாலாவது வரைக்கும் படிச்சவ. கழனி வேலை செய்துதான் எங்களை வளர்த்தா. ஆறாவது படிக்க ஊர்த்தெரு வழியா நான் நடந்துபோன முதல் நாளே சொன்னா: “யார் கூப்ட்டாலும் திரும்பிப் பாக்காத. பேர் கேட்டா சொல்லாத. எவனா சிரிச்சா நீ சிரிக்காத, தலையக் குனிஞ்சிக்கினு போ.” எங்க அண்ணனுக்கு வேற மாதிரி: “ஊர்ப் பொண்ணுங்க எதுக்க வந்தா சைக்கிள உட்டு எறங்கி ஓரமா நில்லுடா. நமக்கு இன்னாத்துக்கு வம்பு.” அண்ணனுக்கு அப்போ பன்னெண்டு வயசு. பொண்ணுன்னா ஆபத்து என்பதுதான் பெண்ணைப் பற்றி அவன் முதலில் படித்த பாடம்.

இந்த இரண்டு வளர்ப்பையும் ஒரே தராசில் வைக்கிற நியாயஸ்தர்கள் இருக்கிறார்கள். “எல்லா வீட்லயும்தான் சாதி பாக்கறாங்க, உங்க வீட்ல பாக்கலியா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் ஒரு மோசடி இருக்கிறது. ஒரு வீடு வெட்டச் சொல்லித் தருகிறது, இன்னொரு வீடு வெட்டுப்படாமல் இருக்கச் சொல்லித் தருகிறது. இரண்டும் ஒன்றா?

எங்கம்மா பயந்தது கற்பனைக்கு இல்லை. 2012 நவம்பரில் ஒரு கல்யாணத்தைச் சாக்காக வைத்துத் தருமபுரி நத்தம் காலனியையும் பக்கத்துக் காலனிகளையும் கொளுத்தினார்கள். அடுத்த வருசம் ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கிட்ட பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த நம்ம பையன் ஒருத்தரை வெட்டிக் கொன்றார்கள். படிப்பு, வேலை, சம்பளம் எதுவும் காப்பாற்றவில்லை. வயசு வந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது, அருவா தெருமுனையில் இருக்கிறது. இந்த நிலைமையில் ஒரு தாயைப் பார்த்து ‘பிள்ளைக்குப் பயத்தைச் சொல்லித் தராதே’ என்று எந்தப் புரட்சிக்காரர் சொல்ல முடியும்? சாகப்போவது அவர் பிள்ளை இல்லை.

அப்படியானால் நம்ம வீட்டில் சொல்லித் தருவதெல்லாம் சரியா? இங்கேதான் ஒரு கோடு கிழிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

‘அவன் கையில அருவா இருக்கு, ஜாக்கிரதை’ என்று சொல்வது ஒன்று. ‘நமக்கு அதெல்லாம் தகாது’ என்று சொல்வது வேறொன்று. முதல் வாக்கியம் உலகத்தைப் பற்றிய உண்மை. குற்றம் யார் பக்கம் என்று அதைக் கேட்கிற பிள்ளைக்குத் தெரியும். இரண்டாவது வாக்கியத்தில் அருவா காணாமல் போய்விடுகிறது. பிள்ளை மேலேயே குறை ஏறிவிடுகிறது. ஆபத்து தர்மம் ஆகிவிடுகிறது. நம்ம வீடுகளில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், முதல் வாக்கியத்தை மனசில் வைத்துக்கொண்டு இரண்டாவதைத்தான் வாய்விட்டுச் சொல்கிறோம். சொல்லச் சொல்ல அதுவே நிஜமாகிவிடுகிறது.

அது வெறும் பயமா, இல்லை சாதியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அருவா இல்லாத இடத்தில் நாம் என்ன சொல்கிறோம்?

நான் பாடம் நடத்துகிற கல்லூரியில் படித்த ஒரு பொண்ணு, எங்க தெருவு மாதிரி ஒரு தெருவிலிருந்து வந்தவள், பறையர். அவள் விரும்பிய பையன் அருந்ததியர். பையன் வீட்டில் ஒரு மறுப்பும் இல்லை. யாரும் வெட்ட வரப்போவதில்லை, யார் குடிசையும் எரியப்போவதில்லை. பொண்ணோட அப்பா ஏப்ரல் 14ன்னா நீலத்துண்டு போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் முன்னால் நிற்கிறவர். என்னிடம் வந்து அவர் சொன்னது: “டீச்சர், நான் சாதி பாக்கறவன் இல்ல. ஆனா நம்ம சனங்க இன்னா சொல்லும்? நமக்குத் தகாது டீச்சர்.” எங்கம்மா சொன்ன அதே வார்த்தை. அங்கே உயிரைக் காப்பாற்றச் சொன்னது, இங்கே யாரைக் காப்பாற்ற? பாதுகாப்பு என்ற போர்வை நழுவி விழுந்துவிட்டது. உள்ளே இருந்தது வெறும் சாதி. பறையர், பள்ளர், அருந்ததியர், புதிரை வண்ணார் என்று நமக்குள்ளே நாம் பெண் கொடுத்து எடுக்காமல் இருப்பதற்கு எந்த ஆதிக்கச் சாதியின் அருவாவும் காரணம் இல்லை. சாதி ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏறி நிற்கிற படிக்கட்டு, கடைசிப் படியில் நிற்கிறவனுக்கும் கீழே ஒருத்தனைக் காட்டுவதுதான் அதன் சூது என்று அம்பேத்கர் எச்சரித்தாரே, அது நம்ம வீட்டு அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறது.

இதெல்லாம் ஆதியிலிருந்தே நம்மகிட்ட இருந்ததா என்றால், எல்லாம் இல்லை. எங்க ஆயா முதல் புருசன் குடிச்சிட்டு அடிக்கிறான்னு அறுத்துக்கிட்டு வந்தவ. பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க, தெருப் பெரியவங்க நாலு பேர் பேசினாங்க, முடிஞ்சுபோச்சு. ரெண்டாவதாக் கட்டிக்கிட்டவர்தான் எங்க தாத்தா. ஆயாவை யாரும் கெட்டுப்போனவன்னு சொல்லவில்லை. இதை வைத்து நம்ம பழைய சமூகம் பெண்ணுக்குச் சொர்க்கமா இருந்ததுன்னு கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. அந்த ரெண்டாவது புருசனும்தான் அடிச்சார். ஆனால் வெளியே வர ஒரு கதவு இருந்தது.

அந்தக் கதவை மூடியது யார்? நாமதான். படிச்சு, அரசாங்க வேலைக்குப் போய், மெத்தை வீடு கட்டினவுடனே முதல் காரியமா அதைச் செய்தோம். மாப்பிள்ளை வீடு பரிசம் கொடுத்த காலம் போய், பொண்ணு வீடு பைக்கும் நகையும் கொடுக்கிற காலம் வந்தது. அறுத்துக் கட்டுறது கேவலம் ஆனது. பொண்ணு சிரித்தால் ‘குடும்ப மானம்’ போகிறது. இந்த மானம் நம்ம சரக்கு இல்லை, ஊர்த்தெருவிலிருந்து கடன் வாங்கியது. மேலே இருப்பவனைப் பார்த்துக் கீழே இருப்பவன் செய்வதாலும்தான் சாதி பரவியது என்று 1916 கட்டுரையே சொல்கிறது.

இந்த வளர்ப்பில் வந்த பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். பையன்களுக்கு வீட்டில் ஒரு பொண்ணோடு சமமா உட்கார்ந்து பேசின பழக்கமே இல்லை. சாப்பிட்ட தட்டை அக்காவோ தங்கச்சியோ கழுவிப் பழக்கம். காதல் என்றால் பின்னாலேயே சுற்றுவது என்று சினிமா சொல்லித் தந்திருக்கிறது, கல்யாணம் என்றால் கை ஓங்குவது என்று அப்பா சொல்லித் தந்திருக்கிறார். பொண்ணுங்களோ கணக்குப் போடுகிறார்கள். ஒருத்தி சொன்னாள்: “வீட்ல பாத்து வச்ச மாப்ள அடிச்சா அம்மா வீட்டுக்கு ஓடியாரலாம் மிஸ். நானாத் தேடிக்கிட்டவன் அடிச்சா எங்க போவேன்?” இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் கேட்டது ஆசையைப் பற்றி இல்லை, திரும்பி வர ஒரு வாசலைப் பற்றி. ‘நீயாத் தேடிக்கிட்ட, நீயே அனுபவி’ என்று சொல்லிக் கதவைச் சாத்துகிற வீடு இருக்கிற வரைக்கும், சாதி மறுப்புத் திருமணத்தைப் பற்றி மேடையில் எத்தனை பேசினாலும் காரியம் ஆகாது. 2011-12இல் எடுத்த இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பில், சாதி விட்டுச் சாதி நடந்த கல்யாணம் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருந்தது.

வளர்ப்புதான் விதி, மாற்றவே முடியாது என்று நான் சொல்லவில்லை. சங்கரைக் கட்டிக்கொண்ட கௌசல்யா, பெற்ற தாய் தகப்பனுக்கு எதிராகவே கூண்டேறிச் சாட்சி சொன்னார். 2020இல் உயர் நீதிமன்றம் அவர் அப்பாவை விடுதலை செய்தது. அதற்காக அவர் சொன்ன சாட்சியத்தின் வலிமை குறைந்துபோகவில்லை. ஊர்த்தெரு வளர்ப்பிலிருந்து ஒரு பொண்ணு அவ்வளவு தூரம் நடந்து வர முடிகிறது என்றால், நம்ம வீட்டிலிருந்து நாம் நாலு எட்டு எடுத்து வைக்க முடியாதா?

1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர் தாய்மார்களிடம்தான் பேசினார். பிள்ளைகளின் தாழ்வு மனப்பான்மையைத் துடைத்தெறியுங்கள், அவசரப்பட்டுக் கல்யாணம் செய்து வைக்காதீர்கள், கட்டிக்கொள்கிற பொண்ணு புருசனுக்குத் தோழியாகச் சமமாக நிற்கட்டும், அடிமையாக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அது வீட்டு வளர்ப்பைப் பற்றிய பேச்சு. அதைச் சிலையாக வைத்து மாலை போட்டுவிட்டோம், சமையல்கட்டுக்குள் விடவில்லை.

பிள்ளைகளுக்கு ஆபத்தை ஆபத்து என்றே சொல்லித் தருவோம். யார் வெட்டுவான், ஏன் வெட்டுவான், வெட்டினால் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடணும், எந்த இரவில் யார் வீட்டுக் கதவைத் தட்டணும் என்று சொல்லித் தருவோம். ‘தகாது’ என்ற வார்த்தையை மட்டும் நம்ம வீட்டிலிருந்து எடுத்துவிடுவோம். அருந்ததியர் பையனோ புதிரை வண்ணார் பொண்ணோ நம்ம வீட்டுக்கு வரும் நாளில் பாய் விரித்துச் சோறு போடுவோம். நம்ம பொண்ணு தானாகத் தேடிக்கொண்டு போய் அடிபட்டு நடுராத்திரியில் வந்து நின்றாலும், ஒரு கேள்வி கேட்காமல் கதவைத் திறப்போம். இதைச் செய்ய எவனோட அனுமதியும் நமக்குத் தேவையில்லை.