கண்டெடுத்த பொருள்

நெடுஞ்சாலையில் சரக்கு லாரி ஒன்று கவிழ்ந்து, சமையல் எண்ணெயோ மீனோ மதுப்புட்டிகளோ தெருவில் சிதறிய சில நிமிஷங்களுக்குள் குடத்தோடும் கோணிப்பையோடும் ஜனங்கள் திரண்டு வந்து அள்ளிச் செல்வதும், அதை ஒருவர் கைபேசியில் படம் பிடித்து ஊரெங்கும் பரப்புவதும், பார்த்தவர்கள் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போவதும் அண்மைக் காலத்தில் நம்மிடையே சகஜமாகிவிட்டன. அத்தகைய படங்களில் கூட்டத்தை விட்டுச் சற்று ஓரமாகக் கண்ணைச் செலுத்தினால், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சட்டையில் இரத்தக் கறையோடு ஒருவர் குந்தியிருப்பது தெரியும். அவர்தாம் லாரி டிரைவர். அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. அவர் பொறுப்பில் வந்த சரக்கைச் சுமந்து செல்ல மட்டும் ஊரே இருக்கிறது. இன்னொரு புறம், பயணி மறந்துவிட்டுப் போன நகைப்பையைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்த ஆட்டோக்காரருக்குக் காவல்துறை அதிகாரி பொன்னாடை போர்த்துகிறார். அதே செய்தியைத் தேநீர்க் கடையில் வாசிப்பவர், "பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்று இரக்கத்தோடு சொல்லிப் பத்திரிகையை மடித்து வைக்கிறார். இவ்விரண்டு காட்சிகளையும் சேர்த்து எண்ணும்போது மனம் கலங்காமல் இருக்க முடியவில்லை.

பிறர் தவறவிட்டதை அறிந்தே தனதாக்கிக்கொள்வது களவுதான். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பூட்டை உடைத்து எடுப்பதற்கும் கீழே கிடந்ததை எடுத்து மறைப்பதற்கும் துணிச்சலில் வேற்றுமை இருக்கலாம், தர்மத்தில் வேற்றுமை கிடையாது. பொருள் கையை விட்டு நழுவிய மாத்திரத்தில் அதன்மேல் உள்ள உரிமையும் நழுவிவிடுவதில்லை. உடையவன் தவித்துக்கொண்டு தேடும் ஒவ்வொரு நாழிகையும் அவ்வுரிமை அவனோடேயே இருக்கிறது.

திருவள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார். ஆயினும் பிறன்பொருளை விரும்பாமையாகிய வெஃகாமையை இல்லறவியலிலேயே அமைத்து, நடுவுநிலை பிறழ்ந்து அயலான் பொருளை விரும்புகிறவனுடைய குடியே கெடும் என்று இல்லறத்தானை நேராக எச்சரித்தார். கள்ளாமை துறவறத்தில் வந்ததற்குப் பரிமேலழகர் காட்டும் காரணம் ஊன்றி எண்ணத்தக்கது: இல்வாழ்வார் தம் சுற்றத்தாரை விளையாட்டாக வஞ்சித்துச் சில பொருள்களை எடுத்துக்கொள்வது அமையும், துறந்தார்க்கு அதுவும் ஆகாது என்பது அவர் கருத்து. ஆகவே, மிகவும் நெகிழ்ந்து கொடுத்த இடத்திலும் உரையாசிரியர் இடமளித்தது உறவினரிடையே நடக்கும் விளையாட்டுக்குத்தான்; முகமறியாத மனிதனின் முடிச்சுக்கு அந்தச் சலுகை இல்லை.

முகமறியாதவர் பொருளைப் பற்றி இளங்கோவடிகளே ஒரு சித்திரம் தீட்டியிருக்கிறார். சிலப்பதிகாரம் வருணிக்கும் புகார் நகரத்து ஐந்து மன்றங்களுள் ஒன்றாகிய வெள்ளிடை மன்றத்தில், வெளியூரிலிருந்து புதிதாக வந்த வணிகர்களின் பொதிகள், பெயரும் அடையாள எழுத்தும் எண்ணும் இடப்பட்டு, வாயில் இல்லாமல், தாழ் இல்லாமல், உடையவரின் காவலும் இல்லாமல் குவிந்து கிடந்தன. எவனாவது களவாட நினைத்தால் கழுத்துக் கடுக்கும்படி அந்தப் பொதியை அவன் தலையிலேயே ஏற்றிச் சுழல வைத்ததே அன்றி அதை அவனுக்குக் கொடுத்ததில்லை அந்த மன்றம். பூதமோ தெய்வமோ இருந்ததா என்று ஆராய்வது இங்கே அவசியமன்று. அந்நிய நாட்டான் தன் சரக்கைத் திறந்த வெளியில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம் என்பதையே ஒரு நகரத்தின் தலையாய பெருமைகளுள் ஒன்றாக ஒரு மகாகவி எண்ணினார் என்பதுதான் கருதத்தக்கது. அப்படிப்பட்ட நகரத்தைப் பாடிய பாஷையைப் பேசுகிறவர்கள் கவிழ்ந்த லாரியைச் சுற்றிக் குடத்தோடு நிற்கலாமா?

பிற சமயங்களின் சான்றோர் வாக்கும் இதுவே. அருங்கலச்செப்பு என்னும் தமிழ் நூலுக்கு மூலமான இரத்தின கரண்டகத்தில் சமண சமயத்துச் சமந்தபத்திர ஆசாரியர், பிறர் வைத்ததையும் விழுந்ததையும் மறந்ததையும் எடாமையே இல்லறத்தானின் விரதம் என்று வகுத்தார். மனு தர்ம சாஸ்திரத்தின் எட்டாம் அத்தியாயம், உடையவன் தெரியாத பொருளை அரசன் 3 ஆண்டுகள் காத்து வைக்கவேண்டும் என்றும், தனதென்று வருபவன் அதன் உருவம், எண்ணிக்கை முதலியவற்றைச் சரியாகச் சொன்னால் அவனிடம் சேர்க்கவேண்டும் என்றும் விதிக்கிறது. விவிலியத்தில் உபாகமம் 22-ஆம் அதிகாரம், வழிதப்பிய மாட்டையும் ஆட்டையும் காணாதவன்போல் கடந்து போகலாகாது, உடையவன் யாரென்று தெரியாவிட்டால் அவன் தேடி வருமளவும் வீட்டில் வைத்துக் காக்கவேண்டும் என்கிறது. பையின் அடையாளத்தையும் அதைக் கட்டிய கயிற்றின் அடையாளத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டு ஓராண்டுக் காலம் அறிவிக்கச் சொன்னார் நபிகள் நாயகம். எடுக்காதே என்று விலக்கியதோடு அமையாமல், எடுத்துக் காத்து அறிவித்துச் சேர்ப்பி என்று வேலையும் இட்டிருப்பதே இவ்விதிகளின் மாட்சிமை.

இன்றைய சட்டமும் இந்த வழியிலேயே நடக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், கண்டெடுத்தவனுக்குப் பிறர் பொருளைப் பாதுகாப்பில் ஏற்றவனுக்குரிய பொறுப்பைச் சுமத்துகிறது. காத்ததற்கும் தேடியதற்கும் ஆன செலவை ஈடு செய்யும்வரை பொருளைத் தன்னிடம் வைத்திருக்கும் உரிமையையும் அவனுக்கு அளிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு, உடையவனைத் தக்க முறையில் தேடாமல் பொருளைத் தனதாக்கிக்கொள்பவனுக்குக் குறைந்தது 6 மாதம், கூடினால் 2 ஆண்டு சிறை விதிக்கிறது. பெருவழியில் கிடந்த, யாருடையதென்று தெரியாத ஒரு ரூபாயை எடுப்பவன் குற்றவாளி அல்லன் என்று அதே பிரிவு ஓர் உதாரணமும் தருகிறது. சட்டம் அங்கே நின்றுவிடலாம், மனச்சாட்சி நிற்பதில்லை.

வறுமையைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். பசித்தவன் வயிற்றுக்காக எடுத்த மீனையும் செல்வம் மிக்கவன் எடுத்த நகையையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பது உண்மையே. ஆயினும் லாரியைச் சூழ்ந்தவர்களில் பலர் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் என்பதையும், நகைப்பையைத் திருப்பிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆட்டோ ஓட்டுநர்களும் துப்புரவுத் தொழிலாளர்களுமே என்பதையும் நாள்தோறும் வரும் செய்திகளே சொல்கின்றன. ஏழையால் நேர்மையாக இருக்க இயலாது என்று பேசுகிறவர்கள் ஏழைக்குப் பரிந்து பேசவில்லை. அவனிடம் உள்ள ஒரே செல்வத்தையும் இல்லையென்கிறார்கள்.

தவறவிட்டவர் பெரும்பாலும் யார்? துப்புரவுத் தொழிலாளியின் கையில் கிடைத்த ஒரு துணிப்பையைப் பிரித்துப் பார்த்தால், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு சங்கிலி, அன்று காலையில்தான் மீட்டதற்கு அடையாளமாகக் கிழித்துக் கொடுத்த அடகுச் சீட்டு, மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒன்று என்று ஒரு குடும்பத்தின் பல வருஷத்து உழைப்பே அதற்குள் இருக்கும்.

ஆனால் திருப்பிக் கொடுக்க முன்வருகிறவரை நம் அலுவலகங்கள் நடத்தும் விதம் வெட்கத்துக்குரியது. பையைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் வைப்பவரை, "இவ்வளவுதான் இருந்ததா? இன்னும் எங்கே?" என்று கேட்டு, ஒரு நாள் கூலியும் போகும்படி வாசலில் நிறுத்தினால், அடுத்த முறை அவர் பையைக் கண்டும் காணாதவராகப் போய்விடுவார். அந்தப் பாவத்தில் நிலையத்துக்கும் பங்குண்டு. ரயிலில் மறந்துபோன பொருள்களை உடையவரிடம் சேர்ப்பதற்கென்றே ரயில்வே பாதுகாப்புப் படை 'ஆபரேஷன் அமானத்' என்று ஓர் ஏற்பாடு செய்திருக்கும்போது, ஊர்க் காவல் நிலையங்களில் அத்தகைய ஒழுங்கு ஏன் கூடாது? கொண்டு வந்தவரை உட்கார வைத்து, அவர் முன்னிலையிலேயே பொருளை எண்ணிப் பட்டியலிட்டு, கையெழுத்திட்ட ரசீதை அவர் கையில் கொடுத்து, உடையவரிடம் சேர்ந்ததும் அந்தச் செய்தியை அவருக்கு ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது. மேலதிகாரி ஒருவர் உத்தரவிட்டால் நாளைக்கே தொடங்கலாம்.