மூடியைத் திறங்கள்!

ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கட்டில் ஓரத்தில் வாளி வைத்தாகிவிட்டது. மெக்கானிக்குக்குப் போன் மேல் போன். பாவம், அவர் காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு வருகிறேன் என்கிறார். வெளியே கத்திரி வெயில் கொளுத்துகிறது. உள்ளே குடும்பமே கையில் கிடைத்த பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நான் கேட்கிறேன்: வாளியைத் தூக்கி வைத்த கையால், ஏசியின் மூடியைத் தூக்க முடியாதா?

முடியும்! உங்களால் நிச்சயம் முடியும். ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். தவணை கட்டுகிறீர்கள், கரண்ட் பில் கட்டுகிறீர்கள். ஆனால் வாங்கிய நாளிலிருந்து அதன் மூடியைத் திறந்து பார்த்ததில்லை. தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டது. கேஸ் அடுப்பின் பர்னரைக் கழற்றி, ஊசியால் அடைப்பெடுத்து, மறுபடி மாட்டிப் பற்றவைக்கிறீர்கள். நெருப்போடும் கேஸோடும் தினமும் புழங்குகிற கை அது. அந்தக் கை ஒரு பிளாஸ்டிக் வலையைக் கழற்றிக் கழுவத் தயங்கலாமா?

அந்த வெள்ளைப் பெட்டிக்குள் மந்திரம் எதுவும் இல்லை. அறையின் காற்றை உள்ளே இழுத்து, சில்லென்றிருக்கும் காயிலின் மேல் ஓடவிட்டு, மறுபடி அறைக்கே அனுப்புகிறது. காற்றிலிருந்த சூட்டை ஒரு கேஸ் வாங்கிக்கொண்டு, செம்புக் குழாய் வழியே வெளியே போய், அவுட்டோர் யூனிட்டில் கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. காற்றிலிருந்த ஈரம் காயில் மேல் தண்ணீராகி, கீழே இருக்கும் தட்டில் விழுந்து, பைப் வழியே வெளியேறுகிறது. காற்றுக்கு வழி வேண்டும். தண்ணீருக்கு வழி வேண்டும். சூட்டுக்கு வழி வேண்டும். வழி அடைபடாமல் பார்த்துக்கொள்வதற்குப் பெயர்தான் பராமரிப்பு. இதைப் புரிந்துகொள்ள இன்ஜினீயரிங் பட்டம் வேண்டியதில்லை.

இந்த யந்திரம் பிறந்த கதையைக் கேளுங்கள். 1902. நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். புழுக்கமான நாளில் காகிதம் ஈரம் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு வண்ணம் அடித்த இடத்தில் அடுத்த வண்ணம் பொருந்தாமல் விலகிப்போகும். இந்தச் சிக்கல் வில்லிஸ் கேரியர் என்ற இளைஞரின் மேசைக்கு வந்தது. வயது 25. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. இதில் எனக்கு அனுபவம் இல்லை என்று சொல்லி அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேல் காற்றை ஓடவிட்டு ஈரத்தைப் பிரித்தெடுக்கும் அமைப்பை வரைந்து கொடுத்தார். காகிதத்தைக் காப்பாற்றப் பிறந்த யந்திரம்தான் இன்று உங்கள் படுக்கையறைச் சுவரில் இருக்கிறது. டிரெயின் பைப்பில் இறங்கும் ஒவ்வொரு சொட்டும் அந்த 25 வயதுத் துணிச்சலின் விளைச்சல்! அவர் இல்லாத ஒன்றை உருவாக்கினார். இருக்கிற ஒன்றைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நாம் தயங்குவதா?

எழுந்திருங்கள். முதலில் ரிமோட்டில் ஏசியை நிறுத்துங்கள். பிறகு சுவரில் சுவிட்சையும், அதற்கென்று தனி எம்.சி.பி. இருந்தால் அதையும் அணையுங்கள். ஆடாத ஸ்டூல் ஒன்று, அதைப் பிடித்துக்கொள்ள வீட்டில் ஒருவர். இன்டோர் யூனிட்டின் முன்மூடிக்கு இரண்டு பக்கமும் விரல் நுழையும் பள்ளம் இருக்கும். அங்கே பிடித்து மேலே தூக்கினால் ‘டக்’கென்று நிற்கும். உள்ளே இடமும் வலமுமாக மெல்லிய வலைச் சட்டங்கள். அவைதான் ஃபில்டர். லேசாக மேலே தள்ளி, கீழ்ப்பக்கமாக உருவுங்கள். கையோடு வந்துவிடும்.

இப்போது அதைப் பாருங்கள். வலைக் கண்ணே தெரியாது. சாம்பல் நிறத்தில், தலைமுடியும் பஞ்சும் சாம்பிராணிப் புகையும் தாளிப்புப் புகையும் சேர்ந்து திரண்ட ஒரு படலம், விரலால் உரித்தால் தோல்போல உரிந்து வரும். இதன் வழியாகத்தான் உங்கள் பிள்ளை இரவெல்லாம் சுவாசித்த காற்று சுற்றிச் சுற்றி வந்தது. இதன் வழியாக மூச்சு விட முடியாமல்தான் உங்கள் ஏசி முக்கிக்கொண்டிருந்தது. கோபம் வருகிறதா? வரட்டும். அந்தக் கோபத்தோடு குழாயடிக்குப் போங்கள். தூசி படிந்த முன்பக்கத்தில் தண்ணீரைப் பாய்ச்சினால் அழுக்கு வலைக் கண்ணுக்குள்ளேயே போய் அடையும்; பின்பக்கத்திலிருந்து பாய்ச்சுங்கள், முன்பக்கமாகக் கழன்று ஓடும். பிசுக்கு இருந்தால் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல்துலக்கும் பிரஷ், மென்மையான தேய்ப்பு. வெந்நீர் வேண்டாம், சட்டம் கோணிவிடும். வெயிலிலும் போடாதீர்கள், நிழலில் காயட்டும். கழுவியதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் சின்னச் சின்னக் கட்டங்களாக எதிர்வீட்டு மாடி தெரியும். தெரிந்தால் வேலை முடிந்தது.

கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிற கணக்கு இது: அழுக்கேறிய ஃபில்டர் இருந்த இடத்தில் சுத்தமான ஃபில்டர் வந்தால், ஏசி இழுக்கும் மின்சாரம் 5 முதல் 15 சதவீதம் வரை குறையும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறுகிறது. எனவே நீங்கள் மிச்சப்படுத்துவது விலை கூடிய அந்தக் கடைசி யூனிட்டுகளை! கூடவே ரிமோட்டையும் கொஞ்சம் கவனியுங்கள். 2020 முதல் இந்தியாவில் ஸ்டார் முத்திரையோடு விற்கும் அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி இருக்கிறது. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 24-இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், போதும்.

அடுத்தது, வாளி வைக்க வைத்த அந்தத் தண்ணீர். கடலோர ஊர்களில் காற்றே ஈரம். ஓர் இரவில் லிட்டர் கணக்கில் தண்ணீர் இறங்கும். தட்டிலும் பைப்பிலும் தூசி ஊறி, வழவழவென்று கோழைபோலப் படிந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் என்ன செய்யும்? சுவரில்தான் வழியும். பைப்பின் வெளிமுனைக்குப் போங்கள். எங்காவது மடங்கியிருக்கிறதா? வழியில் மேலேறி இறங்குகிறதா? முனை, தண்ணீர் நிரம்பிய பக்கெட்டுக்குள் மூழ்கிக் கிடக்கிறதா? நிமிர்த்துங்கள், சரிவு கொடுங்கள், முனையை வெளியே எடுங்கள், வாயில் அடைத்திருப்பதைத் துடைத்தெடுங்கள். ஏசியை ஓடவிட்டுக் காத்திருங்கள். புழுக்கமான நாளில் சொட்டுச் சொட்டாக வெளியே இறங்க ஆரம்பித்தால் அடைப்பு விட்டுவிட்டது. அப்படியும் விடவில்லையென்றால் மெக்கானிக் பம்பு வைத்து அடிக்கட்டும்; எங்கே அடைப்பு என்று அவரிடம் விரல் நீட்டிக் காட்ட உங்களால் முடியும்.

சிலருக்குக் காயிலில் வெள்ளையாக ஐஸ் கட்டும். பதறாதீர்கள். கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்டவே சுரண்டாதீர்கள். மெல்லிய தகடுகளுக்குப் பின்னால் கேஸ் குழாய் ஓடுகிறது. ஏசியை நிறுத்திவிட்டு உருகவிடுங்கள். ஃபில்டரைக் கழுவி மாட்டுங்கள். பிறகும் ஐஸ் கட்டினால்தான் கேஸ் குறைந்திருக்குமோ என்று யோசிக்க வேண்டும்.

கேஸ்! இந்த ஒரு சொல்லைச் சொல்லி எத்தனை குடும்பங்களை மிரட்டியிருக்கிறார்கள்! இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: ஏசியின் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் ஆண்டுக் கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது பணத்தைக் காற்றில் விடுவது. ஆகவே, “கேஸ் போயிடுச்சு மேடம், ஃபில் பண்ணணும்” என்று ஒருவர் சொன்னால், தலையாட்டிவிட்டுப் பர்ஸைத் தேடாதீர்கள். நிமிர்ந்து நின்று கேளுங்கள்: “மூடின பைப்புக்குள்ளதானே தம்பி சுத்துது, எந்த இடத்துல லீக்? சோப்பு நுரை போட்டுக் காட்டுங்க. அடைச்ச பிறகு வாக்யூம் போட்டுட்டு, எடை பார்த்து ஏத்துங்க.” குரலை உயர்த்த வேண்டியதே இல்லை. கற்றுக்கொண்டவரின் கேள்விக்கு எதிரில் பொய் நிற்காது. நேர்மையான மெக்கானிக்காக இருந்தால் முகம் மலர்ந்து பதில் சொல்வார்; தன் வேலை தெரிந்த வீட்டில் வேலை செய்ய அவருக்கும் பெருமைதான்.

ஏசியின் குளிர்ச்சியை நீங்களே அளக்கலாம். ஏசி கால் மணி நேரம் நன்றாக ஓடியபின், காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரைப் பிடியுங்கள்; வெளியே வரும் இடத்தில் அதையே மறுபடியும் பிடியுங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் யந்திரம் நலம்.

இனி நான் சொல்வதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தைரியம் என்பது எல்லாவற்றிலும் கைவைப்பது அல்ல. அவுட்டோர் யூனிட் பால்கனியில் தரையில் இருந்தால் சுற்றிலும் சேர்ந்த சாமான்களை அகற்றுங்கள், புறாக்கூட்டுக் குப்பையையும் காய்ந்த இலையையும் எடுங்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தகடுகளின் தூசியை மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக நீவுங்கள். ஆனால் அது மூன்றாம் மாடிச் சுவரில் தொங்கினால், சன்ஷேடில் காலை வைக்காதீர்கள். அதன் மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளேயிருக்கும் கெபாசிட்டர் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஷாக் அடிக்கும். கேஸ் வால்வைத் தொடாதீர்கள். இப்போது வரும் பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 தீப்பற்றக்கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன், இன்னும் வேகமாகப் பற்றும். அந்த வேலைக்குப் படித்துப் பழகியவர் வர வேண்டும். பெல்ட் கட்டிக்கொண்டுதான் அவர் வெளியே இறங்க வேண்டும் என்று சொல்கிற பொறுப்பு உங்களுடையது. கடற்காற்று அடிக்கும் ஊரில் உப்பு தகடுகளை அரிக்கும். அங்கே அவர் ஆண்டுக்கு இரண்டுமுறை வந்து தண்ணீர் அடித்துக் கழுவட்டும். மே மாதத்தில் தேடாதீர்கள். மாசியிலேயே சொல்லிவையுங்கள், நிதானமாக வந்து செய்வார்.

வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பெண் இருக்கிறாளா? அவளை ஸ்டூலில் ஏற்றுங்கள், கீழே நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ.யில் குளிர்பதனமும் ஏசியும் தனித் தொழிற்பிரிவாகவே இருக்கிறது. அந்த வகுப்பில் பெண்ணுக்கும் பெஞ்சு உண்டு. எது எதற்கு வழி என்று அவளையே விளக்கச் சொல்லுங்கள். ஃபில்டர் நிழலில் காய்ந்துகொண்டிருக்கட்டும். அந்த நேரத்தை வீணாக்காமல், ஸ்டூலை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு வாருங்கள், அங்கேயும் ஓர் ஏசி இருக்கிறது!