காத்திருப்போனின் கண்

பிறர் ஒருவர் விலகினாலன்றித் தனக்கு இடமில்லை என்னும் நிலையில் நிற்பவன், அவர் வீழ்ச்சியை விரும்பாதிருத்தல் கூடுமா? இவ்வினா துறவியர்க்கு மட்டும் உரியதென நாம் எண்ணலாகாது. பெங்களூருவில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் திடலில் ஹாக்கி பயிலும் இளைஞர்க்கும் இஃது எழக்கூடியதே.

ஹாக்கியில் ஓரணிக்குக் களத்தில் நிற்போர் 11 பேர். ஓடியாடுவோர் எத்தனை முறையும் வெளியே வந்து மீண்டும் உட்புகலாம். ஆதலின் ஓரத்து விசிப்பலகையில் இருப்போர்க்கும் சில நிமிடங்களில் முறை வரும். கோல் காவலரின் நிலையோ வேறு. அவ்விடம் ஒன்றே. முதற்காவலர் காயமுற்றாலோ தடுமாறினாலோ அன்றி, இரண்டாமவர் ஆட்டம் முழுவதும் காத்திருக்க நேரிடலாம்.

கிருஷண் பகதூர் பாதக் என்பார் இந்நிலையை நன்கறிந்தவர். 2016 டிசம்பரில் லக்னோவில் இந்திய இளையோர் அணி உலகக் கோப்பையை வென்றபோது அவரும் அவ்வணியில் இருந்தார்; ஆயினும் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவைத் தடுத்த புகழ் விகாஸ் தஹியாவுக்கே உரியதாயிற்று. 2018-இல் பாதக் மூத்தோர் அணியை எய்தினார். பல போட்டிகளில் ஆடினாரெனினும், அங்கே முன்னின்றவர் ஸ்ரீஜேஷ். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 16 பேர் கொண்ட அணிக்குப் புறத்தே, மாற்றாட்டக்காரர் மூவருள் ஒருவராகவே பாதக் இருந்தார். ஆகஸ்டு 8-இல் வெண்கலம் வென்று ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார். அடுத்த மாதம் சீனாவில் நிகழ்ந்த ஆசியச் சாம்பியன் கோப்பைப் போட்டியில் இந்தியாவின் கோலைக் காத்தார் பாதக், கோப்பையும் கிட்டியது.

ஓரத்தில் இருப்பவன் கற்பது யாது? பெனால்டி கார்னரில் பந்தை எறிவோன் தோள் எப்பக்கம் சாய்கிறது, காவலர் எக்கணத்தில் அடி பெயர்க்கிறார், முன்னே பாயும் தற்காப்பாளர்க்கு என்ன கூவுகிறார் என்பவற்றை ஆராயக் கோலுள் நிற்பவர்க்கு நேரமில்லை, வெளியிலிருப்பவனுக்கு உண்டு. ஆனால் அழுக்காறு படிந்த கண்ணுக்கு இவை புலப்படா. பிறர் பிழையை எதிர்நோக்குவோன் பிழையையே காண்பான். தடுத்த பந்துகள் பலவற்றை மறந்து, தவறிய ஒன்றையே நினைவில் வைப்பான். பிழைகளை எண்ணியே கலையில் தேர்ந்தவர் யார்? பிறர் ஆக்கம் கண்டு மகிழ்தலை முதிதை என்கிறோம். அது பிறர்க்கு நாம் அளிக்கும் கொடையன்று. கற்போன் தன் கண்ணுக்கு இட்டுக்கொள்ளும் மருந்து.

அங்ஙனமாயின், காத்திருப்போர் யாவர்க்கும் பொறுமையை ஓதுதல் அறமாகுமா? ஆகாது. தகுதி நோக்கி இரண்டாமிடத்தில் நிறுத்தப்பட்டவன் வேறு. பிறப்பு நோக்கித் தடுக்கப்பட்டவன் வேறு. முன்னவனுக்கு அதே திடலும் அதே பயிற்சியும் உண்டு. அவன் வாயிலுக்கு உள்ளே இருக்கிறான். வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனிடம் மகிழ்ந்திரு என்பது கொடுமை. அவன் கேட்பது வாயில் திறக்கப்படுதலை; அக்கேள்வி அழுக்காறன்று, நியாயம். ஆகவே பொறுமை கற்பிக்க வருவோர், முதற்கண் வாயில் திறந்துள்ளதா என நோக்கக் கடவர்.

திறந்திருப்பின், உள்ளே காத்திருக்கும் இளைஞனுக்கு நாம் சொல்லத்தக்கது ஒன்றே: தகுதியை விரும்புக, வீழ்ச்சியை விரும்பற்க. தகுதி உன் முயற்சியால் வளர்வது. பிறர் வீழ்ச்சியோ உன் கையில் இல்லை. வந்தாலும் அது உனக்கு ஒன்றும் கற்பிப்பதில்லை.