செபதேயுவின் படகும் நம் வீட்டுச் சைக்கிளும்



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் கடலோரமாக நடந்துபோய் நான்கு பேரை அழைக்கிறார். சீமோனும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். சற்றுத் தள்ளி, செபதேயுவின் படகில் யாக்கோபும் யோவானும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அவர்கள் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாற்குவும் இதைச் சொல்கிறார், மத்தேயுவும் சொல்கிறார். அறுந்த கண்ணியை இழுத்து முடிந்துகொண்டிருந்த கைகளைப் பார்த்துத்தான் ஆண்டவர் கூப்பிட்டார்.

பழுது பார்ப்பதை நாம் ஒரு வேலையாகவே கணக்கில் வைப்பதில்லை. புது வண்டி வாங்கினால் மாலை போட்டு, மந்திரிப்பதற்காகக் கோவில் வாசலுக்குக் கொண்டுவருகிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் பத்து வருடம் உழைத்த சைக்கிளை ஓவராயில் பண்ணி, செயினுக்கு எண்ணெய் விட்டு, துடைத்து, மந்திரிக்கக் கொண்டுவந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. கொண்டுவாருங்கள். மனமார மந்திரிப்பேன்.

நம் பங்கில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டியாவது இருக்கும். அக்கா படித்து முடித்துக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போகத் தொடங்கியதும் அது சுவரோரம் சாய்கிறது. காற்று இறங்குகிறது. மழைத் தண்ணீர் பட்டுச் செயின் துருப்பிடிக்கிறது. கொஞ்ச நாளில் அதன்மேல் துணி காயப்போடுகிறோம், பிறகு பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். எடைக்குப் போகிற பல சைக்கிள்களில் அப்படி என்ன கெட்டுவிட்டது? வால்வு டியூப் இற்றிருக்கும். பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். ஓர் ஓய்வு நாள் மத்தியானமும் ஒரு ஸ்பேனரும் இருந்தால் தீருகிற குறைகள்.

பஞ்சர் ஒட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இளையோருக்குச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து கழற்றி டியூபை உருவ வேண்டும். காற்றடித்து, தண்ணீர் நிறைந்த சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்த்தித் திருப்பினால் குமிழி வரும் இடம் தெரியும். அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவ வேண்டும். தடவியதும் ஒட்டிவிடக்கூடாது. ஈரம் போய், விரல் வைத்தால் லேசாகப் பிடிக்கிற பதம் வரும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் ஒட்டுத்துண்டை வைத்து அழுத்த வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர் ஒட்டிய பஞ்சர் தெருமுனை தாண்டாது.

அதற்குப் பிறகும் ஒரு வேலை இருக்கிறது. டியூபை உள்ளே தள்ளுவதற்கு முன் டயரின் உட்பக்கம் முழுவதும் விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். கருவேல முள்ளின் நுனி அங்கேயே ஒடிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அதை எடுக்காமல் டியூபை மாட்டிக் காற்றடித்தால், எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழும். பிரியமானவர்களே, நம் வீட்டுச் சமாதானங்களும் இப்படித்தான் அடிக்கடி காற்றிறங்குகின்றன. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் சண்டை. பெரியவர்கள் கூடிப் பேசி, கை கொடுக்க வைத்து, காப்பி குடித்துக் கலைகிறார்கள். அன்று யார் சொன்ன எந்தச் சொல் உள்ளே குத்தி நிற்கிறது என்று ஒருவரும் விரலை விட்டுப் பார்ப்பதில்லை. அடுத்த கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதும் மறுபடி வெடிக்கிறது. ஒப்புரவு அருள்சாதனத்துக்கு வரும் முன் ஆன்ம சோதனை செய்யச் சொல்லித் திருச்சபை நம்மை நிறுத்திவைப்பது இதற்காகத்தான். அவசரப்படாதீர்கள். தடவிப் பாருங்கள்.

கையில் படிந்த தொழிலை ஆண்டவர் எதற்குப் பயன்படுத்துவார் என்று நமக்குத் தெரியாது. இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ் நகருக்கு அருகே 1914-இல் பிறந்தவர் ஜீனோ பார்த்தலி. ஏழைக் குடும்பம். சிறுவனாகச் சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே திருகும் போல்ட்டும் கிரீஸுமாகத் தொடங்கிய வாழ்க்கை, 1938-இல் டூர் டி பிரான்ஸ் பந்தய வெற்றி வரை போனது. ஆழ்ந்த விசுவாசி, கார்மேல் சபையின் பொதுநிலையினர் பிரிவில் உறுப்பினர். 1943-இல் ஜெர்மானியப் படை இத்தாலியைப் பிடித்து யூதர்களை வேட்டையாடத் தொடங்கியபோது, பிளாரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா அவரிடம் உதவி கேட்டார். மறைந்து வாழும் யூதர்களுக்கு வேறு பெயரில் அடையாள அட்டைகள் தேவைப்பட்டன. பார்த்தலி தம் சைக்கிளின் சீட்டைக் கழற்றி, சட்டகத்தின் குழாய்க்குள் புகைப்படங்களையும் தாள்களையும் சுருட்டி வைத்து, சீட்டை முன்போலவே முடுக்கிவிட்டு, பயிற்சிக்குப் போகிறவர்போல அசிசிக்கு ஓட்டிப் போவார். வழியில் காவலர் நிறுத்தினால், பந்தயத்துக்காக நுணுக்கமாகச் சரிசெய்த சைக்கிள், தொடாதீர்கள் என்பாராம். ஒரு யூதக் குடும்பத்துக்கு ஒளிந்துகொள்ள இடமும் கொடுத்தார். 1948-இல் மறுபடி டூர் டி பிரான்ஸில் வென்றார். போர்க்காலத்தில் செய்ததைப் பற்றி ஊருக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. 2000-த்தில் இறந்தார். 2013-இல்தான் எருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம், யூதர்களைக் காத்த நீதிமான்களின் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. கர்தினாலுக்கு அந்த மரியாதை அதற்கு முந்தைய ஆண்டு கிடைத்தது. பட்டறையில் சீட்டு போல்ட்டைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்ட அந்தச் சிறுவனுக்கு, அது உயிர்களைக் காக்கப்போகிற பாடம் என்று யார் சொல்லியிருக்க முடியும்?

அதே இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே ஒரு குன்றில் கிசல்லோ மாதாவின் சிற்றாலயம் இருக்கிறது. 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அந்த அன்னையைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். உள்ளே சுவரெல்லாம் சைக்கிள்கள் தொங்குகின்றன. அவற்றில் ஒன்று விபத்தில் நசுங்கியது. பாபியோ கசார்த்தெல்லி என்ற இளைஞருடையது. 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர், 1995 டூர் டி பிரான்ஸில் மலைச்சரிவில் விழுந்து இறந்தார். அந்தச் சைக்கிளை யாரும் நிமிர்த்தவில்லை. உடைந்தபடியே மாதாவின் காலடியில் விட்டிருக்கிறார்கள்.

இதையும் நான் சொல்லியாக வேண்டும். இங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் வந்து எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நம் கையால் சரிசெய்ய முடியாதவை உண்டு. உயிர்த்த ஆண்டவரே தம் கைகளிலும் விலாவிலும் இருந்த காயங்களை மறைக்கவில்லை. அந்தக் காயங்களைத்தான் தோமாவுக்குக் காட்டினார். சரிசெய்ய முடியாததை அவரிடம் அப்படியே கொண்டுவரலாம். ஆனால் அதைக் காரணமாக்கி, சரிசெய்ய முடிந்ததையும் கிடப்பில் போட நமக்கு உரிமை இல்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005-இல் வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப் என்றொரு அமைப்பு தோன்றியது. எல்லாம் இழந்த இலங்கைக் கடலோர மக்களுக்கு 24,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்துத்தான் தன் பணியைத் தொடங்கியது. பின்னால் சாம்பியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போனபோது சைக்கிளோடு நிற்காமல், உள்ளூர் ஆட்களுக்கு மெக்கானிக் பயிற்சியும் கொடுத்தது. கொடுப்பது ஒரு நாள் காரியம். கொடுத்தது ஓடிக்கொண்டே இருக்க, பக்கத்திலேயே தெரிந்த கை வேண்டும். நம் தர்மங்களில் நான் காணும் குறை இதுதான். தையல் எந்திரம் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம், அதன் ஊசி உடைந்த அன்று போய் நிற்க ஆள் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை மறைக்கல்வி முடிந்ததும் நம் வளாகத்து வேப்பமரத்தடியில் கூடுவோம். நம் பங்கில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆண் பிள்ளைகள் மட்டும் வந்தால் போதாது, பெண் பிள்ளைகளும் வர வேண்டும். சாலையில் தனியாக நிற்க நேரும்போது செயினை மாட்டத் தெரிந்திருப்பது அவர்களுக்குப் பெரிய தைரியம். அக்காவின் சைக்கிளைத் தம்பிக்கு மாற்ற வேண்டுமானால் சீட்டை அவன் உயரத்துக்கு வைத்துக் கொடுப்போம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்க வேண்டும், அதுதான் அளவு. இருட்டில் டியூஷன் போய்வரும் பிள்ளைகளின் சைக்கிளுக்கு விளக்கும், பின்னால் சிவப்பு ஒளிர்பட்டையும் பொருத்துவோம். ஆனால் வரிசையில் முதலில் நிற்க வேண்டியவை, விடியற்காலையில் பால் ஊற்றவும் மீன் விற்கவும் கிளம்புகிறவர்களின் சைக்கிள்கள். அவர்கள் கொண்டுவர நேரம் இல்லையென்றால் இளையோர் வீட்டுக்கே போய்த் தள்ளிக்கொண்டு வாருங்கள், இருட்டுவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் விடுங்கள். பம்பு, ஸ்பேனர், உதவாத பழைய டியூப் இருந்தால் சாக்ரிஸ்தியில் கொடுத்துவையுங்கள். தாய்மார்களே, பிள்ளைகளின் கையெல்லாம் கிரீஸாகத்தான் ஆகும். திட்டாமல் கொஞ்சம் பழந்துணியும் கொடுத்து அனுப்புங்கள்.